இரண்டு ஹெக்டர்களும் ஒரு பதிவேடும்

பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, கில்வாரா மருத்துவ நிலையத்தில் இரண்டு ஹெக்டர் மெக்நீல்கள் ஒரே நோயாளி ஆனார்கள். மூன்றே காலுக்குத் துறை ஹெக்டர் படகுக் கொட்டகையில் குடித்த தேநீர், நாலு மைல் தள்ளி மேட்டில் இருந்த மேட்டு ஹெக்டரின் நாக்கைச் சுட்டது. மேட்டு ஹெக்டர் அப்போது பசுவுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேநீர் எதுவும் இல்லை. நாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, வயதாகிறது என்று எண்ணிக்கொண்டு மிச்ச வைக்கோலையும் போட்டு முடித்தார். அன்று இரண்டு அடி பனி விழுந்திருந்தது. அஞ்சல் வண்டி வரவில்லை.

கனடாவில், கேப் பிரெட்டன் தீவின் அந்தக் கரையில் ஹெக்டர் மெக்நீல் என்ற பெயரில் ஆறு பேர் இருந்தார்கள். அதனாலேயே ஒருவரையும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. செம்பட்டை ஹெக்டர், பாலத்து ஹெக்டர், துறை ஹெக்டர், மேட்டு ஹெக்டர் என்றுதான் பேச்சு. துறையும் மேடும் அண்ணன் தம்பி பிள்ளைகள். 1946இல் தாத்தா ஹெக்டர் இறந்த மாதத்தில், இரண்டு மருமகள்களும் ஒரே நாளில் ஆளுக்கொரு ஆண் பிள்ளை பெற்றார்கள். தாத்தா பெயரை எந்த வீடும் விட்டுக்கொடுக்கவில்லை. மருத்துவ நிலையத்தில் முப்பத்தோரு வருடமாகப் பதிவு பார்க்கும் எஃபி மெக்கின்னன், ஊர் வழக்கப்படியே ஃபைல்களை அடுக்கி வைத்திருந்தாள். ஒரு இழுப்பறை முழுக்கத் துறைக்காரர்கள், இன்னொன்றில் மேட்டுக்காரர்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்ட ஃபைலை எடுத்துத் தருவாள்.

அந்த இழுப்பறைகளைக் காலி செய்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரத்தான் ரெனே கொமோ வந்திருந்தார். கிராமத்து மருத்துவ நிலையங்களில் ஆட்களோடு கூடவே உட்கார்ந்து, மின்பதிவேடு கைக்குப் பழகும்வரை ஊரைவிட்டுப் போகாமல் இருப்பது அவர் வேலை. கில்வாரா அவருக்கு இருபத்து மூன்றாவது இடம். முதல் நாள் ஒரு பெட்டி டோனட் கொண்டுவந்தார். இரண்டாம் நாள் எஃபியின் இடுப்புவலியைப் பார்த்துவிட்டு நாற்காலிக்கு ஒரு மெத்தை கொண்டுவந்தார். சாதாரணக் காய்ச்சலுக்குக்கூடப் பதினாலு கட்டம் நிரப்ப வேண்டியிருந்ததால், டாக்டர் சிஸ்ஹோம் முதல் வாரம் பாதி நோயாளிகளைத்தான் பார்க்க முடிந்தது. ஒற்றை விரலால் தட்டித் தட்டி அந்த அம்மாளுக்கு நகமே தேய்ந்துவிட்டது. டாக்டர் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பெட்டியைத்தான் பார்க்கிறார் என்று ஊரில் முணுமுணுத்தார்கள். ரெனே மேசையைத் திருப்பிப் போட்டு, நோயாளியும் திரையைப் பார்க்கும்படி செய்தார். முணுமுணுப்பு பாதியாகக் குறைந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை முழுக்க மூட முடியுமா?

அந்தப் பதினாலு கட்டங்களில் பட்டப்பெயருக்கு ஒரு கட்டமும் இல்லை. எஃபி கேட்டாள், ரெனே உதட்டைப் பிதுக்கினார். ஆகவே அவள் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஏற்றிக்கொண்டு போனாள். இருநூறு பெயர் ஏற்றிய பிறகு திரையில் ஒரு சிவப்புக் கோடு வந்தது: ஒரே பெயர், ஒரே பிறந்தநாள், இரண்டு பதிவு, இணைக்கலாமா? மேட்டு ஹெக்டர் மருத்துவ நிலையத்துப் படியேறிப் பதினாலு வருடம் ஆகிறது. அவர் ஃபைலில் மருத்துவ அட்டை எண்கூட இல்லை, ஆணி மிதித்ததற்குப் போட்ட ஒரு டெட்டனஸ் ஊசிதான் இருந்தது. ஊரில் ஒருவரும் வாயால் சொல்லாத பெயர் அது. திரையில் அதைப் பார்த்தபோது எஃபிக்கு இரண்டு ஹெக்டர்களில் ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை. யாரோ ஒரு அந்நியர் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறார் என்று நினைத்தாள். இணைத்துவிட்டாள்.

துறை ஹெக்டருக்கு இதயம் பலவீனம். நாலு வருடமாகக் கால் வீங்கி, மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தவர். அந்த வியாழக்கிழமை அவர் பன்னிரண்டு படியையும் நிற்காமல் ஏறி உள்ளே வந்தார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நுரையீரலில் நீர் பாதிதான் இருந்தது. சந்தேகப்பட்டுப் பதிவைத் திறந்து பார்த்தார்.

"தொழுவத்துல ஆணி மிதிச்சது எப்போ?"

"எனக்கு ஏது தொழுவம்? நான் என்ன மேட்டுக்காரனா?"

வெளியே இருந்த எஃபி, இது காதில் விழுந்ததும் தான் இணைத்த பதிவை மறுபடி திறந்தாள். அதே காலையில் மேட்டில், குதிரை மாதிரி இருந்த மனிதர் ஒரு கட்டு வைக்கோலைத் தூக்க முடியாமல் கீழே உட்கார்ந்துவிட்டார் என்று பால் வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கணுக்கால் வீங்கியிருந்ததாம். துறை ஹெக்டர் நீர் பிரிய மாத்திரை விழுங்கிய அந்த இரண்டு காலையும் மேட்டு ஹெக்டர் அரை மணிக்கு ஒருமுறை கொல்லைக்கு ஓடினாராம்.

ரெனே பதறவில்லை. வேறொரு ஊரில் ஒரு பெண்மணியின் பிறந்த வருடத்தை முப்பது வருடம் தள்ளி ஏற்றிவிட்டதில், அந்த அம்மாளுக்குப் புதிதாகப் பல் முளைத்ததையும், திருத்தியவுடன் விழுந்ததையும் சொன்னார். கையேட்டில் இதற்கு வழி இருந்தது. முப்பது நாளுக்குள் இருவரும் கையெழுத்துப் போட்டால் பிரித்துவிடலாம். தவறினால் பதிவு அப்படியே பூட்டிக்கொள்ளும். ஒருவர் நோயை இன்னொருவரிடம் சொல்வது மட்டும் சட்டப்படி குற்றம் என்று இரண்டு தடவை சொன்னார்.

"பிரிச்சா என்ன ஆகும்?" என்று எஃபி டாக்டரிடம் கேட்டாள்.

"சிங்கி இறால் சீசன் ஆரம்பிக்கிறதைத் துறைக்காரர் பார்க்க மாட்டார்."

"பிரிக்கலைன்னா?"

"பாதி பாரம் மேட்டுக்காரருக்கு. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா ரெண்டு பேரும் கிழவராகற வரைக்கும் ஓட்டலாம்."

"இப்பவே கிழவங்கதானே, டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. எஃபியும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பிரிக்கிற பொத்தானை அழுத்தப் போவது தன் விரல்தான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த விரலைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டு ஹெக்டர்களும் பேசிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. தாய் இல்லாத துறை ஹெக்டரை வளர்த்தவர் இருவருக்கும் பொதுவான அத்தை மோராக். அத்தை மேட்டு வீட்டில் இறந்தபோது துறை ஹெக்டரின் படகு வளைகுடாவில் பனிக்கட்டிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பொறுங்கள் என்று வானொலியில் சொல்லி அனுப்பினார். மேட்டு ஹெக்டர் பொறுக்கவில்லை. பாதிரியார் அடுத்த ஊருக்குப் போக வேண்டும், மண் இறுகிவிடும் என்று நியாயம் சொல்லி, மார்ச் ஒன்பதாம் தேதி அடக்கம் செய்துவிட்டார். மறுநாள் கரையேறிய துறை ஹெக்டருக்குப் பார்க்கக் கிடைத்தது பனி மூடிய மண்மேடு மட்டும்தான். அதன்பிறகு ஒருவர் தேவாலயத்துக்குக் காலைப் பூசைக்கு வந்தால் மற்றவர் மாலைப் பூசைக்கு வந்தார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இந்த இருவர் விஷயத்தில் சதையும் பத்தொன்பது வருடம் அசையாமல்தான் இருந்தது.

யாரோடு பதிவு கலந்தது என்று துறை ஹெக்டரிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடலைத் தவிர வேறெதுவும் தொடாத அவர் கையில் ஒரு வாரமாகப் பசுமடியின் சூடு இருந்தது. பதிவைப் பிரிக்கக் கையெழுத்து வேண்டும் என்று ஆள் போனதுமே மருத்துவ நிலையக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எஃபி, அந்தத் தாளை எடு."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன். நாள் இருக்கு."

"அவன் போட்ட பிச்சையில மூச்சு விடணுமா நான்? எடு பொண்ணே."

அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது. எஃபி அதை ஒட்டுப் போட்டு வைத்தாள். பிறகு மேட்டுக்குப் போகாமலிருக்க அவளுக்குத் தினமும் ஒரு காரணம் கிடைத்தது. ஒருநாள் பனி, ஒருநாள் வண்டிச் சக்கரம், ஒருநாள் தலைவலி. இருபத்தொன்பதாம் நாள் ரெனே அவள் வண்டியின் கண்ணாடியிலிருந்த பனியைச் சுரண்டிக் கொடுத்தார். அதற்குமேல் அவளால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

மேட்டு ஹெக்டர் தேநீர் ஊற்றி, பான்னக் ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். முகம் இளைத்திருந்தது. எஃபி தாளை நீட்டி, பதிவில் ஒரு பிழை என்று மட்டும் சொன்னாள்.

"பிழைன்னா?"

"அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. சட்டம்."

"சொல்லாதே. பொழுது விடிஞ்சா வாயெல்லாம் மீன் எண்ணெய் நாத்தம். யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் தாளோடு எழுந்து அடுப்புப் பக்கம் போனார்.

"கால் வீக்கத்தைக்கூட விடு. போன ஒன்பதாம் தேதி பால் கறந்துட்டிருந்தேன். திடீர்னு நெஞ்சுக்குள்ள ஒரு வலி. மூச்சு முட்டல் இல்ல, அது வேற. படகு நகர மாட்டேங்குது. சுத்திப் பனிக்கட்டி. அங்கே என்னமோ முடிஞ்சுபோகுது, நான் போய்ச் சேர முடியல. பசுவோட வயித்துல தலையைச் சாய்ச்சுக்கிட்டு அழுதேன் எஃபி. இந்த வலியை அவன் பத்தொன்பது வருஷமா ஒத்தையில சுமந்திருக்கான். ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம். மண்ணு ஒண்ணும் ஓடிப்போயிருக்காது."

பிறகு அடுப்பின் இரும்பு மூடியைத் தூக்கி, ஒட்டுப் போட்ட அந்தத் தாளை உள்ளே போட்டார்.

எஃபிக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. "இதை அவர்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்," என்றாள்.

"என்னத்தைச் சொல்ல? இந்நேரம் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்."

போய்ச் சேர்ந்துதான் இருந்தது. அதே நேரத்தில் துறையில் இறால் கூண்டுகளுக்கு வலை பின்னிக்கொண்டிருந்த துறை ஹெக்டர், ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. காற்று என்றார். அன்று கொடிக்கம்பத்தில் துணிகூட ஆடவில்லை. அங்கே இருந்த நாலு பேரும், ஆமாம், பொல்லாத காற்று என்று ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குப் பதிவு பூட்டிக்கொண்டது. அதைத் திரையில் காட்டிவிட்டு ரெனே தன் இருபத்து நாலாவது ஊருக்குக் கிளம்பினார். எஃபியின் இடுப்புக்குக் கொடுத்த மெத்தையை அவள் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஒரே நோயாளிக்கு ஒரே நேரம்தான் ஒதுக்க முடியும் என்பதால், பத்தரை மணிக்கு இருவரும் வந்தார்கள். காத்திருக்கும் அறையில் ஆறு நாற்காலி. ஒருவர் இந்தக் கோடியில் உட்கார்ந்தார், மற்றவர் அந்தக் கோடியில். எஃபி தட்டச்சு செய்வதுபோல வெறும் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் கழித்துத் துறை ஹெக்டர், எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

"காலையில கஞ்சியில எவ்வளவு உப்புடா போட்டே?"

"ஒரு கரண்டி."

"கொஞ்சமாவது அறிவிருக்கா? எனக்குக் கால் பூட்ஸுக்குள்ள போகல."

மேட்டு ஹெக்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "எனக்கும்தான்," என்றார். பிறகு, "எருமை மாதிரி நீ கடல் குளிர்ல தொப்பி இல்லாம நிக்கிறே, எனக்குக் காது வலிக்குது. அதை யார் கேக்கறது?"

டாக்டர் இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். ஒருவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்து, இருவருக்கும் அதையே எழுதினார். காலை மாத்திரையை ஒருவரும் மாலை மாத்திரையை மற்றவரும் விழுங்குவது என்று முடிவாயிற்று. இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. மென்பொருளை மூன்று தடவை மாற்றிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொருவரும், ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு விலாசம் என்று கேட்கிறார்கள். அவருக்கு இரண்டு வீடு என்று எஃபி சொல்கிறாள். துறை ஹெக்டர் இப்போதெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டுதான் படகேறுகிறார். மேட்டு ஹெக்டர் கஞ்சியில் உப்புப் போடுவதில்லை.