குர்க்கிவாராவில் யாருக்கும் ஒன்றுமில்லை

குர்க்கிவாரா என்ற பனிப்பிரதேசக் கிராமத்துக்கு வருகிற டாக்டர்கள் நிலைப்பதில்லை. பதினோரு வருடத்தில் ஒன்பது பேர் வந்து போய்விட்டார்கள். கடைசியாக வந்தவர் ஒரு நாளைக்கு நாற்பது பேரைப் பார்த்தார். ஐந்தாவது வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் போனவர்தான். மேஜையில் அவர் பாதி குடித்து வைத்த காப்பிக் கோப்பையைக் கழுவியது நர்ஸ் ஹெல்விதான்.

அதனால் துர்க்கு நகரத்திலிருந்து ஈரிஸ் என்ற இளம் டாக்டர் ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்து இறங்கியதும், ஹெல்வி முதல் வேலையாக ஊரைக் கூட்டினாள்.

"இந்தப் பொண்ணையாவது விட்டு வைங்க. தும்மினதுக்கெல்லாம் வந்து நிக்காதீங்க. கடையில பாத்தா முட்டி வலிக்குது, முதுகு வலிக்குதுன்னு புடிச்சுக்காதீங்க. இவளும் ஓடிட்டா ஆஸ்பத்திரிய இழுத்து மூடிருவாங்க. அப்புறம் ஒரு ஊசி போட நூத்திப்பத்து கிலோமீட்டர் போகணும், சொல்லிட்டேன்."

மான் வேட்டைக் குழுத் தலைவர் வெய்க்கோ தாடியைச் சொறிந்தார். "அப்ப இதுவும் தால்கோத்துன்னு சொல்லு."

ஊரே கூடிக் கூலி வாங்காமல் செய்கிற பொதுவேலைக்கு அங்கே அந்தப் பெயர். கூரை மாற்றவும் படகுத்துறை கட்டவும் தால்கோத் வைப்பார்கள். வராதவனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஹெல்வி அந்த நிமிடமே சுதாரித்திருக்க வேண்டும். அவளோ பெருமையாகத் தலையாட்டி வைத்தாள்.

பொதுவேலை என்று வந்துவிட்டால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பாதியில் விடத் தெரியாது. முதல் மாதம் தினம் எட்டுப் பேர் வந்தார்கள். அடுத்த மாதம் நான்கு பேர். நான்காவது மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டதோடு சரி. காய்ச்சல்காரர்கள் வீட்டிலேயே சுருண்டு கிடந்தார்கள். கடையில் டாக்டரைக் கண்டால் வாய் தவறி எதையாவது கேட்டுவிடுவோமோ என்று பயந்து அடுத்த அலமாரி வரிசைக்குள் நழுவினார்கள். டாக்டர் நன்றாக ஓய்வெடுக்கிறாள் என்று ஹெல்விக்கு ஒரே பூரிப்பு.

ஒப்பந்தம் பிப்ரவரிக் கடைசி வெள்ளிக்கிழமை முடிகிறது. புதன்கிழமை காலை, அதை நீட்டிக்க விருப்பமில்லை என்று ஈரிஸ் ஒரு கடிதத்தை அச்செடுத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்த ஹெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போறீங்களா டாக்டரம்மா? என்ன குறை வச்சோம்?"

"குறையா? ஹெல்விக்கா, நானும் மனுஷிதானே. நேத்து கடையில ஒருத்தர் என்னைப் பாத்ததும் ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பின்னால குனிஞ்சுட்டார். எம்மேல அவ்ளோ வெறுப்பா? இங்க வந்து நாலு ஜோடி சாக்ஸ் பின்னியிருக்கேன். அதுக்கா நான் டாக்டருக்குப் படிச்சேன்?"

"வெறுப்பெல்லாம் இல்லம்மா. உங்கள விடக்கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்து, ஹெல்வி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஈரிஸ் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப எல்லாருக்கும் வியாதி இருக்கா?"

"இருக்கு."

"யாருக்கு ரொம்ப மோசம்?"

"வெய்க்கோவுக்கு. கூரையில பனி தள்ளறப்ப விழுந்து மணிக்கட்டு போச்சு. பதினாறு நாளாச்சு. மரக்கரண்டிய வச்சுக் கட்டியிருக்கார்."

அந்தப் பெண்ணுக்கு அப்படியொரு கோபம் வரும் என்று ஹெல்வி நினைத்ததே இல்லை. காரில் ஏறிய வேகத்தில் அவள் தொப்பியைக்கூட மறந்துவிட்டாள். வெய்க்கோ வாசலில் ஒற்றைக் கையால் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"கையக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. நீங்க போய் ரெஸ்ட் எடுங்க."

"ஆறு மாசமா ரெஸ்ட்தான்யா எடுத்துட்டிருக்கேன்!"

பக்கத்து வீட்டு நாய்கள் குரைக்கத் தொடங்கின. ஜன்னல்களில் தெரிந்த தலைகளைப் பார்த்து அவள் கத்தினாள்: "அங்க யாரு? நொண்டுறவங்க, இருமுறவங்க, எல்லாரும் இப்பவே ஆஸ்பத்திரிக்கு வரணும். வரலைன்னா வீடு வீடா நானே வருவேன்!"

மதியத்துக்குள் பதினேழு பேர் பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் "நீ போ", "இல்ல, நீ போ" என்று உபசாரம் வேறு. ஈரிஸ் முகம் சிவக்கச் சிவக்க ஒவ்வொருவரையும் திட்டிக்கொண்டே பார்த்தாள். ஆறு மாதத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக ஹெல்வி பார்த்ததில்லை.

வெய்க்கோவுக்கு எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டு போட்டாயிற்று.

"ஆறு வாரம் கழிச்சுப் பிரிக்கணும். ஏப்ரல் ஒன்பதுன்னு எழுதுங்க, ஹெல்விக்கா."

ஹெல்வியின் பேனா நின்றுவிட்டது. "ஏப்ரல்லயா? யாரு... யாரு பிரிப்பாங்க?"

பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லோரும் ஈரிஸ் பக்கம் திரும்பினார்கள்.

"கட்டினவதான் பிரிக்கணும். கரண்டி வச்சுக் கட்டுற ஊரை நம்பி விட்டுட்டுப் போகவா முடியும்?"

ஹெல்வி எழுதினாள். கண்ணில் நீர் முட்டி எழுத்தெல்லாம் கோணலாகப் போயிற்று. அதற்குள் பெஞ்சுகளில் சலசலப்பு. ஒருவர் தனக்கு மே மாதம் ஒரு தேதி வேண்டும் என்றார். இன்னொருவர் ஆகஸ்ட் கேட்டார். ஓய்வுபெற்ற தபால்காரி ராய்யா எல்லோரையும் தள்ளிக்கொண்டு மேஜைக்கே வந்துவிட்டாள்.

"எனக்கு அடுத்த வருஷம் டிசம்பர்ல ஒண்ணு குடும்மா."

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

"இப்ப ஒண்ணும் பண்ணல. அதுக்குள்ள எதையாவது வர வச்சுக்கறேன்."