மீனலோசனி போட்ட விதி

விதி போட்டதே மீனலோசனிதான். அதனால் வேறு யாரையும் திட்ட வழியில்லை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள்.

கிராம நூலகங்களுக்காக அவளும் வள்ளியப்பனும் நடத்தும் இலவச மென்பொருள் ‘அலமாரி’. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். போன மாதம் வரை அதன் இணையதளத்தில் இருவரும் நினைத்த நேரத்தில் நினைத்ததை ஏற்றினார்கள். ஒருநாள் வள்ளியப்பன் எதையோ ஏற்றப்போக, தளமே அரை நாள் படுத்துவிட்டது. அன்றைக்கே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முறையை மாற்றினாள். இனி ஒருவர் எழுதினால் மற்றவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே போகாது; இந்த விதியை நீக்கவும் இருவரும் ஒப்ப வேண்டும்.

இன்று காலை செம்மலை என்ற நூலகர் போனில் அழுதார். தளத்தில் போட்டிருந்தபடி நேற்று புதிய பதிப்பை நிறுவினாராம். எட்டாயிரம் புத்தகங்களின் பட்டியல் அழிந்துவிட்டது. பார்த்தால், முதலில் பட்டியலை நகல் எடுக்கச் சொல்ல வேண்டிய பக்கம், நிறுவிய பிறகு எடுக்கச் சொல்லியிருக்கிறது. பதினோரு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நூலகங்கள் நிறுவப்போகின்றன என்றார். யார் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. மீனலோசனி பதறிப்போய்த் திருத்தினாள். அனுமதி கேட்டு வள்ளியப்பனுக்கு மெயில் போயிற்று. பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை.

“என்ன ஆச்சி, இந்த வெயில்ல வந்திருக்கீக?” என்று தேவகோட்டை வீட்டு வாசலில் சிரித்தான் வள்ளியப்பன்.

“மெயிலப் பாக்க மாட்டியா? போனையாவது எடுத்துத் தொலைக்கக் கூடாதா?”

“போன் உள்ள சார்ஜுல கெடக்கு. மெஷின் அனுப்புற மெயில யாரு பாக்குறா? காதுகுத்துக்கே வீடு தேடி வந்து கூப்பிடுற ஆளுக நாம.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரிப்பு போய்விட்டது. ஓடிப்போய்க் கணினியைத் திறந்தான், அனுமதியை அழுத்தினான். பத்து ஐம்பதுக்குப் பக்கம் மாறியது.

அப்பாடா என்று உட்கார்ந்தவள் திரையைப் பார்த்தாள். அனுமதிக்காக இன்னொரு திருத்தம் நின்றது. அதே பக்கம், நகலை முதலில் எடுக்கச் சொல்லும் அதே திருத்தம். எழுதியவன் வள்ளியப்பன். இருபது நாளாகிவிட்டது.

“நீங்க பாத்துட்டு வேணாம்னு விட்டுட்டீகன்னு நெனச்சேன்,” என்றான். “மொறைப்படி உங்களுக்கு மெயில் வந்திருக்குமே.”

வந்திருந்தது. திறக்கப்படாமல் கிடந்தது.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“மொறைய மாத்துறப்ப நீங்க சொன்னீகளா?”

போனை எடுத்துச் செம்மலையை அழைத்தாள்.

“சார், உங்க பட்டியல் போனது என்னாலதான்,” என்றாள்.