பசை படாத போஸ்டர்

செங்கல்பட்டில் சினிமா போஸ்டர் சேர்க்கிறவன் நான் ஒருத்தன்தான். தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை என்பதெல்லாம் சோற்றுக்கு. சுவரிலிருந்து உரித்ததை நான் தொடமாட்டேன். மைதாப் பசையும் மாட்டு எச்சிலும் பட்ட காகிதத்தை வைத்துக்கொள்வதற்குப் பதில் பழைய பேப்பர் கடை போட்டுவிடலாம். போஸ்டர் ஒட்டுகிற சாலமோனுக்கு ஒரு கட்டு பீடி கொடுத்தால், ஒட்டுவதற்கு முன்பே என் கைக்கு வந்துவிடும். என் மனைவி இதைப் பைத்தியம் என்பாள். பைத்தியத்துக்கும் ஒரு தரம் வேண்டாமா?

எழுபத்துநாலு தை மாதம், பூச்சி பிடிக்காமல் இருக்க எல்லாவற்றையும் வெயிலில் காயப்போட்டிருந்தேன். மீன் விற்க வந்த மாரியம்மா, கூடையை இறக்கிவிட்டு ஒரு போஸ்டர் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்த ராஜா ராணிப் படம். மூன்று நாள் ஓடியது, அதுவே அதிகம். குதிரை மேல் கதாநாயகன், கீழே ஆரவாரம் செய்யும் ஜனக்கூட்டம்.

“சாரே, இது எம் புருசன்” என்று கூட்டத்தில் பல்லை இளித்துக்கொண்டிருந்த ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டினாள். “ஒருத்தி தோள் மேல கை போட்டுகினு கீறான் பாரு, அவ பேரு வேண்டா. இப்ப அவ வூட்லதான் குடித்தனம். ஷூட்டிங் அன்னிக்கு கடலுக்குப் போனேன்னு பஞ்சாயத்துல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணான்!”

சண்டை கட்டுமரத்துக்கு. மாரியம்மாவின் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது. அதையும் வேண்டா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகப் பார்த்தான் அவள் புருஷன் கங்காதரன். மாரியம்மா துரத்திய பிறகுதான் வேண்டாவிடம் போனேன் என்பது அவன் கட்சி. அவன் சத்தியம் பொய் என்று நிரூபித்தால் மரம் அவளுக்கு. இல்லாவிட்டால் இரண்டு பெண் பிள்ளைகளோடு அவள் தெருவில். ஞாயிற்றுக்கிழமை அவள் குப்பத்துப் பஞ்சாயத்துக்குப் போஸ்டரோடு வருவதாக ஒப்புக்கொண்டேன். என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவைத்தேன்.

குப்பத்தில் போஸ்டரைப் பாய் மேல் விரித்தேன். காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். என் உயிர் போய் வந்தது. கதாநாயகிக்கு இருப்பது சொந்த முடியா, சவுரியா என்று பஞ்சாயத்தார் கால் மணி நேரம் விவாதித்தார்கள்.

அதற்குள் கங்காதரன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “நாட்டாரே, இந்த மூலையில நானு. அந்த மூலையிலயும் நானு. குதிரை வாலுக்குப் பின்னாலயும் நானு! நான் இன்னா சாமியா, ஒரே நேரத்துல மூணு எடத்துல நிக்க?”

பார்த்தேன். உண்மை. இத்தனை மாதம் வைத்திருந்தும் நான் கவனிக்கவில்லை. “அச்சாபீசில் நூறு பேரை வெட்டி ஒட்டி ஆயிரம் பேராக்குவார்கள்” என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

“அப்போ ஒட்டுன கூட்டம்” என்றார் பஞ்சாயத்துத் தலைவர், ஊர் நாட்டார் பூவராகவன். “இவனையும் எங்கிருந்தோ கொண்டாந்து ஒட்டியிருக்கலாம். இது சாட்சி ஆவாது.”

மாரியம்மா என்னைப் பார்த்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது.

ஜெயித்த கங்காதரனோ நகரவில்லை. மீசையை நீவியபடி தன்னையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“ரொம்பப் பாக்காதப்பா, அது நீ இல்ல” என்றேன். “மூணு எடத்துல ஒட்டுறாங்கன்னா அது மெட்ராஸ் துணை நடிகன் மூஞ்சி. குப்பத்து மூஞ்சிய எவன் சீந்தறான்?”

அவன் முகம் சிவந்துவிட்டது. “யாருய்யா மெட்ராஸ் ஆளு? நான்தான்யா அது! டைரக்டரே கையப் புடிச்சு இஸ்துகினு போயி முன்னால நிக்க வெச்சாரு. உன் சிரிப்பு ஷோக்கா கீதுன்னாரு. வேண்டாவையே கேளு, பக்கத்துலதான இருந்தா!”

சொல்லி முடித்த பிறகும் அவனுக்கு உறைக்கவில்லை. நாட்டார் நிதானமாகக் கேட்டார்: “அப்போ கடலுக்குப் போனது யாருடா?”

மரம் மாரியம்மாவுக்கு என்று தீர்ப்பானது. அவள் துள்ளுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிஜமாகவே கடலுக்குத்தான் போயிருப்பான் என்று மனசின் ஏதோ ஒரு மூலையில் நம்பியிருக்கிறாள், பாவம்.

கங்காதரன் என்னிடம் வந்தான். “மரம்தான் போச்சு. இந்த போஸ்டரையாவது குடேன் சாரே.”

நான் பதில் சொல்வதற்குள் மாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையிலிருந்து மீன் கத்தியை எடுத்தாள். பாய் மேல் உட்கார்ந்து, சுறாவைத் துண்டு போடுகிற நிதானத்தோடு மூன்று கங்காதரனையும் அறுத்தெடுத்தாள். அவன் உள்ளங்கையில் அடுக்கினாள்.

“இந்தா. மூணு பேரும் போய்ச் சேருங்க. வேண்டா ஆக்கிப் போடுவா.”

பசையே படாத என் போஸ்டரில் மூன்று ஓட்டை. எனக்கு அழுகை முட்டியது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கத்தி இன்னும் கையில்தான் இருந்தது.

“நேரா வெட்டியிருக்கம்மா” என்றேன்.