ஏழு தண்ணீர் தாங்கும் தேயிலை

"அப்பாவுக்குக் காசு பெரிசில்லை, முத்து. ஒரு பொருள் வீணாப் போறதைக் கண்டால்தான் அவருக்கு விசர் வரும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ," என்றாள் கௌரி தொலைபேசியில்.

"பாத்துக்கிறேன்."

"பற்பசை முடிஞ்ச பிறகு ரியூப்பைக் கத்தரிக்கோலால வெட்டி, உள்ளுக்குள்ள இருக்கிறதையும் வழிச்செடுக்கிற மனுசன்."

"நானும் கடைசிவரைக்கும் அழுத்தித்தான் எடுப்பேன்."

"நீங்கள் அழுத்துவீங்கள். அவர் வெட்டுவார். வித்தியாசம் இருக்கு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. கௌரியின் பெற்றோர் சிவபாதசுந்தரமும் பத்மாவதியும் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை முத்துவேல், சரக்குக் கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை பார்ப்பவன். கௌரி கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருந்தாள். பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த முத்துவேல் அவளுடைய பேனாவைக் கொண்டு போய்விட்டான். அதைத் திருப்பிக் கொடுக்க மறுநாள் வந்தான். கொடுத்துவிட்டேனா என்று கேட்க அதற்கு மறுநாளும் வந்தான்.

சிவபாதசுந்தரம் கல்வித் திணைக்களத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். "மாப்பிள்ளை வீட்டார் தோட்டப் பக்கமாம்" என்று உறவுக்காரர் இழுத்தபோது, "மகள் ஊரைக் கட்டேல்லை, ஆளைத்தான் கட்டப்போறாள்" என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டார். அவருடைய சந்தேகம் வேறு.

"கப்பல்காரன் பெண்டாட்டி தொப்பைக்காரி, கப்பல் உடைந்தால் பிச்சைக்காரி எண்டு சும்மாவே சொன்னவை? கரையில கால் வச்ச உடன கையை விரிக்கிற ஆக்கள். வீட்டைப் போய்ப் பார்ப்பம். ஊதாரி வீடெண்டால் நான் ஓம் சொல்லமாட்டன்."

அப்பா ஓம் சொல்லாமல் தாலிக்குக் கழுத்து நீட்ட மாட்டேன் என்று கௌரியும் சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை முத்துவேல் கப்பலேற வேண்டும். ஏறினால் திரும்பி வர ஒரு வருடம். அதற்குள் வெள்ளவத்தை உறவுக்காரர் எத்தனை சாதகம் கொண்டு வருவார்களோ!

அதனால் முத்துவேல் யோசித்து ஒரு திட்டம் போட்டான். தடபுடல் விருந்து வேண்டாம். சீனத்துத் தேயிலை போதும்.

போன வருடம் அவன் கப்பல் பழுது பார்ப்பதற்காகச் சீனாவில், ஷியாமென் துறைமுகத்தில் நின்றது. மற்றவர்கள் கரையிறங்கிக் கைக்கடிகாரம் வாங்கினார்கள். முத்துவேல் துறைமுக வாசலில் இருந்த தேயிலைக் கடையில் போய் உட்கார்ந்தான். கடைக்கார அம்மாவுக்கும் அவனுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. கையாலும் மூக்காலுமே அவள் அவனுக்குத் தேயிலையைக் காட்டிக் கொடுத்தாள். அதில் அவன் வியந்தது ஒன்று. நல்ல தேயிலை ஒரு பிடி போட்டால், அதிலேயே ஏழு தரம் தண்ணீர் ஊற்றலாம். ஒவ்வொரு தண்ணீரும் ஒவ்வொரு ருசி. வீணாவதைக் கண்டு பொறுக்காத மாமனாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"இலங்கையில பொறந்துட்டு சீனத்துத் தேயிலையாடா? கொல்லன் தெருவுல ஊசி விக்கிறியா?" என்றார் அவன் அப்பா தங்கையா.

அம்மா இராமலெட்சுமிக்கு வேறு கவலை. அவள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் லயத்தில் பிறந்தவள்.

"ஒரே தேயிலையில ஏழு தடவையா? அதுவும் வீடு தேடி வந்தவங்களுக்கா?"

"அதுதாம்மா இதோட பெருமையே. நான் கேத்தலைக் குடுத்தனுப்புவேன். நீ அடுப்படியில சுடுதண்ணிய மட்டும் ஊத்திக் கொண்டுவா."

"சரிப்பா," என்றாள் இராமலெட்சுமி. அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றது அவனுக்கே ஆச்சரியம்.

இரண்டு சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, வியர்வையோடு வந்து சேர்ந்தார்கள் வெள்ளவத்தைக்காரர்கள். சிவபாதசுந்தரம் செருப்பைக் கழற்றும்போதே கண்ணால் வீட்டை அளந்தார். பகலில் ஒரு விளக்கும் எரியவில்லை. குழாய் ஒழுகவில்லை. கதிரையில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

முத்துவேல் முதலில் உயரமான கண்ணாடிக் குவளை ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். கொட்டைப்பாக்கு அளவில், நூலால் சுற்றிக் கட்டிய தேயிலை உருண்டை ஒன்றை அதில் போட்டுச் சுடுநீரை ஊற்றினான். உருண்டை கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு அடியில் போய் நின்றது. இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. நடுவிலிருந்து ஒரு சரமாக வெள்ளை மல்லிகைகள் மேலே எழும்ப, உச்சியில் சிவப்பாக ஒரு பூ தலைநீட்டியது.

"ஐயோ, வாடாமல்லி!" என்று கையைத் தட்டினாள் பத்மாவதி. "கோயில் மாலையைக் கழட்டித் தேத்தண்ணிக்குள்ள விட்ட மாதிரியெல்லோ கிடக்கு!"

"தம்பி, இதைக் குடிக்கிறதோ, கும்பிடுறதோ?" என்றார் சிவபாதசுந்தரம்.

"ரெண்டும் செய்யலாம் ஐயா."

தங்கையா எழுந்து குவளையைக் கையில் எடுத்தார். "சூடா இருக்குமே, ரெண்டு ஆத்து ஆத்தித் தரட்டுங்களா?"

முத்துவேல் பாய்ந்து பிடித்தான். "அப்பா! ஆத்துனா பூவெல்லாம் சிதறிரும்!"

பூத்தேநீர் மல்லிகை மணத்தோடு இலேசாக இருந்தது. சிவபாதசுந்தரம் இரண்டு மிடறு குடித்தார். "கண்ணுக்குக் காணும், வாய்க்குக் காணாது. இந்தப் பூவை இனி என்ன செய்வீங்கள்?"

"இன்னும் ரெண்டு தரம் தண்ணி ஊத்தலாம் ஐயா."

"அப்பிடியோ?" அவர் முகத்தில் அன்று வந்த முதல் சிரிப்பு அது.

முத்துவேலுக்குத் தெம்பு வந்தது. கைக்கு அடக்கமான மண் கேத்தலை எடுத்து வைத்தான். சுருட்டி உருட்டிய பச்சை மணிகளாக இருந்த தேயிலையை ஒரு பிடி அதில் போட்டான். இரும்பு அம்மன் என்று அந்தத் தேயிலைக்குப் பெயர் என்றான். பத்மாவதி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முதல் தண்ணீரை ஊற்றி உடனே வடித்தபோது சிவபாதசுந்தரத்தின் புருவம் ஏறியது. அந்தத் தண்ணீரிலேயே அவன் கோப்பைகளைக் கழுவினான். புருவம் இறங்கியது.

"உவ்வளவு சின்னக் கோப்பை. தீர்த்தக் கிண்ணமோ?"

"சின்னதுலதான் ருசி தெரியும். முதல்ல மூடியை மோந்து பாருங்க. பிறகு காத்தையும் சேத்து, சத்தமா உறிஞ்சணும்."

"கேட்டியே பத்மா? சத்தமா உறிஞ்சட்டாம்! முப்பது வருசமா என்னைப் பேசுறாய். சீனத்தில இதுதானாம் மரியாதை." அவர் உறிஞ்சிய சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

உறிஞ்சியவர் கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை. தேநீர் வாயில் இருந்தபோது ஏதோ காட்டுப் பூவின் மணம். விழுங்கிய பிறகு, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்ததுபோலத் தொண்டையில் ஓர் இனிப்பு ஏறியது. சீனி போடாத இனிப்பு.

"இது வேற சாமான்," என்றார் மெதுவாக.

கேத்தல் அடுப்படிக்குப் போனது. இராமலெட்சுமி நிரப்பிக் கொண்டுவந்தாள். அடுத்த சுற்று. மறுபடி போனது, வந்தது. சிவபாதசுந்தரம் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார்.

முத்துவேலுக்குத்தான் ஏதோ உதைத்தது. ஷியாமெனில் நாலாம் தண்ணீர் நிறம் வெளுத்து, முறுக்குத் தளர்ந்து, தேன் பக்கம் சாயும். இங்கே நாலாவதும் முதல் தண்ணீர் போலவே முகத்தில் அடித்தது. ஐந்தாவதும் அப்படியே. கேத்தலின் கோளாறா, கொழும்புத் தண்ணீரின் கோளாறா என்று குழம்பினான்.

"அதே சாயம்! அதே மணம்!" சிவபாதசுந்தரம் துள்ளாத குறை. "ஒரு பிடித் தேயிலை, ஐஞ்சு தரம்! தம்பி, கப்பல்காரர் எண்டால் இறைக்கிற ஆக்கள் எண்டு நினைச்சன். பிழையா நினைச்சிட்டன். பத்மா, அப்ப நான் சொல்லுறன்…"

முத்துவேல் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

வடை எடுக்க அடுப்படிக்குப் போயிருந்த தங்கையா அந்த நேரம் பார்த்து ஒரு சட்டியோடு வந்தார். "இராமு, கீரை ஆக்கி வச்சிட்டு ஏன் ஒளிச்சி வச்சிருக்க? சம்மந்தி வடையோட தொட்டுக்குவாருல்ல?"

சட்டியில் ஈரமான பச்சை இலைகள் குவிந்து கிடந்தன. ஆவி பறந்தது. காட்டுப் பூ மணத்தது.

எல்லாரும் இராமலெட்சுமியைப் பார்த்தார்கள்.

"நான்தான் ஒவ்வொரு தடவையும் தேயிலைய மாத்துனேன்," என்றாள் அவள், தலையைக் குனியாமல். "லயத்துல எங்களுக்குக் கெடைச்சது கூட்டி அள்ளுன தூள். அதையே திரும்பத் திரும்பக் கொதிக்க வச்சிக் குடிச்சி வளந்தவ நான். மொத மொதலா என் வீட்டுக்கு வந்த சனத்துக்கு, சாயம் போன தேயிலையில தண்ணி ஊத்திக் குடுக்க என் கை வராதுங்க. சீனாக்காரன் என்ன வேணும்னாலும் சொல்லிக்கட்டும்."

"ஐஞ்சு பிடி!" என்றார் சிவபாதசுந்தரம். மடக்கிய விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பத்மா, வெளிக்கிடு. நேரம் போனால் வழியில செக்கிங் கூடிப்போம்."

முத்துவேல் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றான்.

"ஐயா, இதுல ஒண்ணுமே வீணாகல. இந்த இலை ஒவ்வொண்ணும் ஒரு தண்ணிதான் பாத்திருக்கு. இனிமேதான் இதோட நல்ல ருசியே வரும். ஒரேயொரு வாய் குடிச்சிட்டுப் போங்க. அம்மா, பெரிய கேத்தல்!"

இலைகள் எல்லாம் பெரிய அலுமினியக் கேத்தலுக்குள் போயின. சுடுதண்ணீர் போனது. மூடி விழுந்தது. சிவபாதசுந்தரம் கதிரை நுனியில் உட்கார்ந்தார். குடையைக் கீழே வைக்கவில்லை.

இந்த முறை தீர்த்தக் கிண்ணம் இல்லை, பெரிய கிளாஸ். தேநீர் வெளிர்ப் பொன்னாக இறங்கியது. முத்துவேல் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தான். முறுக்கு இல்லை, அதட்டல் இல்லை. நாக்கெல்லாம் பால் போல வழுவழுப்பு, பின்னாலேயே தேன். ஷியாமென் கடையின் நாலாம் தண்ணீரில் இருந்த அதே ருசி! கல்யாணம் என்று ஒன்று நடுவில் தொங்குவதையே ஒரு கணம் மறந்து கண்ணை மூடிக்கொண்டான்.

சிவபாதசுந்தரம் ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. கிளாஸ் காலியானது. தானாகவே கேத்தல் பக்கம் நீண்டது.

பத்மாவதி தன் கிளாஸைக் கீழே வைத்தாள். "நான் ஒண்டு கதைக்கட்டே? இவர் எங்கட வீட்டில தேயிலைப் பையை உடுப்புக் கொடியில கிளிப் போட்டுக் காயவைக்கிறவர்."

"பத்மா!"

"நீங்கள் சும்மா இருங்கோ. நான் கலியாணங்கட்டி வந்த நாளில இருந்து குடிக்கிறது ரெண்டாம் தண்ணி. இண்டைக்குத்தான் ஒரு மனுசி எனக்கு ஒவ்வொரு முறையும் புதுசாப் போட்டுத் தந்தவ." அவள் இராமலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ரை பிள்ளை இந்தக் கையால வாங்கிக் குடிக்கப்போறாள் எண்டால் எனக்குப் பூரண சம்மதம்."

இராமலெட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தங்கையா ஒன்றும் விளங்காமல் வடையைக் கடித்தார். எல்லாரும் சிவபாதசுந்தரத்தைப் பார்த்தார்கள்.

"இது இன்னும் எத்தினை தரம் தாங்கும்?" என்றார் அவர்.

"நாலஞ்சு தரம் தாங்கும் ஐயா."

"ம். ஒரு ஷொப்பிங் பை இருக்கோ?"

ஈர இலைகளைக் கடைசி இலைவரை வழித்துப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அப்ப நாங்கள் போட்டு வாறம்," என்று படியிறங்கிவிட்டார்.

முத்துவேல் அவர்களை வீடு சேர்ப்பதாகச் சொல்லி முச்சக்கர வண்டியில் ஓட்டுநரோடு ஒண்டிக்கொண்டான். வழி நெடுகச் சிவபாதசுந்தரம் பை சொட்டுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளவத்தையில் கௌரி காத்திருப்பாள். கதவைத் திறந்ததும் அவன் முகத்தைத்தான் பார்ப்பாள். என்ன முகத்தோடு போய் நிற்பது?

கொள்ளுப்பிட்டியில் சோதனைச் சாவடி. இறக்கினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்து முடித்த இளம் சிப்பாய், தண்ணீர் சொட்டும் பையைக் கண்டு அதைத் திறக்கச் சொன்னான். உள்ளே எட்டிப் பார்த்தான். விளங்கவில்லை. மூக்கருகே கொண்டு போனான். அவன் முகம் கொஞ்சம் இளகியது.

"பூ மாதிரி மணக்கிறது. என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டான்.

சிவபாதசுந்தரம் நிமிர்ந்து நின்றார். திணைக்களத்தில் பழகிய சுத்தமான சிங்களத்தில், நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார்:

"தேயிலை, மாத்தயா. என்னுடைய மருமகன் சீனாவிலிருந்து கொண்டு வந்தது. அந்தா நிற்கிறார், அவர்தான் மருமகன்."

சிப்பாய் முத்துவேலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினான். முத்துவேல் வண்டியில் ஏறிய வேகத்தில் தலை மேல்கம்பியில் மோதியது. வலி தெரியவில்லை.

"உந்தச் சொல்லை அங்கயே சொல்லியிருக்கலாமே!" என்றாள் பத்மாவதி. "அந்தப் பிள்ளை வழியெல்லாம் தவிச்சுக்கொண்டு வருது."

"சொல்லியிருப்பன்," என்றார் சிவபாதசுந்தரம், பையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு. "சொன்னால் சம்பந்தி சந்தோசத்தில இன்னொரு தேயிலைப் பக்கெற்றை உடைச்சிருப்பா."