ரெண்டு கிளிக் வலப்பக்கம்

துப்பாக்கியில் குறிபார்க்கும் பின்குறியின் மேல் சாம்பல் நிறக் காலுறை ஒன்று மாட்டியிருந்தது. தூசு படாமலிருக்க அவன் மனைவி மாட்டியது. ஜோடியில் மற்றது எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் போன பிறகும் அவன் வாரம் தவறாமல் சுடுதளத்துக்கு வந்தான். இரும்பு அறையைத் திறந்து அவளுடைய துப்பாக்கியை எடுப்பான். குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுப்பான். கட்டையைத் துடைப்பான். காலுறையைத் தொடாமல் மறுபடி உள்ளே வைத்துப் பூட்டுவான்.

சுடமாட்டான். அவனுக்குச் சுட வராது. அவள் படுத்துச் சுடும்போது பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, ஐம்பது மீட்டருக்கு அப்பால் தாளில் ஓட்டை எங்கே விழுந்தது என்று சொல்வதுதான் அவன் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதைத்தான் செய்தான்.

அன்று காலை அவனோடு சின்னவளும் வந்திருந்தாள். மனைவியின் தங்கை. வீட்டில் அக்காளைப் பெரியவள் என்றும் இவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டே பழக்கம். சின்னவளுக்கு மறுநாள் அணித் தேர்வு. போன வருடம் ஒரு புள்ளியில் கோட்டைவிட்டவள். இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. அவள் சுட்டுக்கொண்டிருந்த கிளப் துப்பாக்கியின் விசை படுத்துவிட்டது. இழுத்தால் ஒரு நேரம் வெடிக்கும், ஒரு நேரம் யோசிக்கும்.

மாமியார் போனில் சொன்னாள்: "அந்த இருட்டு அறையில கெடந்து துருப்பிடிக்கிறதுக்கு, அவ தங்கச்சி கையில இருக்கட்டுமே மாப்பிள்ளை."

அவன் சரி என்றான். வரும் வழியில் சின்னவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டான். சைட்டை, அதாவது அந்தப் பின்குறியை, தொடக் கூடாது.

"தொடாம எப்படி அத்தான்? அது அவ கண்ணுக்கு வெச்சது."

"அதனாலதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரே துப்பாக்கியை இரண்டு பேர் எடுத்தால் குண்டு ஒரே இடத்தில் விழாது. கன்னம் கட்டையில் அழுந்துகிற விதம், கண் பின்குறியின் ஓட்டைக்குள் பார்க்கிற கோணம், மூச்சு, தோள் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அதற்காகத்தான் பின்குறியில் இரண்டு திருகுகள். ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும். ஒரு கிளிக் திருப்பினால் தாளில் குண்டு ஒரு நூலளவு நகரும். இப்படித் திருப்பித் திருப்பி, அவரவர் கண்ணுக்கு நடு எதுவோ அங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். பெரியவளின் கண் நின்ற இடம் அந்தத் திருகில் இருந்தது. அவள் தலையணை உறையை யாரோ துவைத்துவிட்டார்கள். செருப்பை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவள் விட்ட இடத்தில் விட்டபடி நின்றது இது ஒன்றுதான்.

சுடுதளத்தின் வாசலில் திருப்புளி உட்கார்ந்திருந்தார். கிளப் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர். காதுக்கு மேல் எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பார், அதுவே பேராகிவிட்டது. சொந்தப் பேர் அவர் வீட்டுக்காரிக்காவது ஞாபகமிருக்குமா என்பது சந்தேகம்.

"வாம்மா சின்னவளே! உங்கக்கா துப்பாக்கியா? நல்ல சாமான். ஆனா ரொம்பப் படுத்தினா என்னை. கடைசியா வந்த நாளெல்லாம் சைட்டு நகருது, சைட்டு நகருதுன்னு ஒரே சண்டை. நானும் நட்ட இறுக்கி இறுக்கி, இதுக்கு மேல இறுக்கினா நட்டு அழுதுடும் தாயேன்னு சொல்லிட்டேன். நகரவே இல்ல அது. மலை மாதிரி நின்னுச்சு."

திருப்புளி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, சாப்பிடறதே இல்லையா? சட்டைய ஹேங்கர்ல மாட்டின மாதிரி இருக்கே."

"சாப்பிடறேன்."

"எதை? காத்தையா?"

சின்னவள் சிரித்தாள். அவனும் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. முகம் ஒத்துழைக்கவில்லை.

பாயை விரித்துச் சின்னவள் குப்புறப் படுத்தாள். இடது முழங்கையை ஊன்றி, தோள்வாரை இறுக்கிக்கொண்டாள். அவன் காலுறையை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். முக்காலியை அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தான். தொலைநோக்கியின் குவியத்தைக்கூடத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. தாள், கறுப்பு வட்டம், அதன் நடுவில் சின்னப் புள்ளியாகப் பத்து.

முதல் குண்டு வலப்பக்கம், எட்டில்.

இரண்டாவதும் அங்கேயே. ஐந்தையும் சுட்டு முடித்தபோது ஐந்து ஓட்டைகளும் ஒரு கோட்டுப் பொத்தானால் மூடிவிடும் அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எல்லாம் வலப்பக்கம், எட்டில்.

"குரூப் எப்படி அத்தான்?"

"நல்லா இருக்கு. இடம்தான் தப்பு."

"காத்தா?"

கம்பத்தில் கொடி ஈரத்துணி மாதிரித் தொங்கியது. காற்று இல்லை.

"வேடிக்கையா இருக்கு," என்றாள் சின்னவள். "முன்னாடி அவ இல்லாதப்ப திருட்டுத்தனமா இதுல சுட்டிருக்கேன். எனக்கும் அவளுக்கும் ஒரு கிளிக்குதான் வித்தியாசம் வரும். இப்ப எட்டுக்குப் போகுதே."

"உன் கண்ணு மாறியிருக்கும்."

"என் கண்ணுக்கு என்ன கேடு?" அவள் குண்டு போடும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தலையைத் திருப்பினாள். "அத்தான், இடப்பக்கம் திருப்பினா அஞ்சு நிமிஷ வேலை. எத்தனை கிளிக்குன்னு எண்ணி வெச்சுக்குவோம். நாளைக்கு முடிஞ்சதும் அதே மாதிரி திருப்பி வெச்சிடறேன். சத்தியமா."

"திருப்பி வெச்சா அது அவ வெச்சதா இருக்காது. நீ வெச்சதா இருக்கும்."

"சரி. அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"கொஞ்சம் இடப்பக்கமாக் குறி பாரு."

சொன்ன பிறகு அவனுக்கே அது எவ்வளவு மட்டமான யோசனை என்று தெரிந்தது. பின்குறியின் ஓட்டை வழியாகப் பார்த்தால் முன்குறியின் வளையம் தெரியும். அந்த வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தை நடுவில் வைக்கக் கண்ணுக்குத் தானாக வரும். ஓரமாக வை என்றால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் ஓரம். சின்னவள் ஒரு மணி நேரம் முயன்றாள். ஒன்பது, ஏழு, பத்து, எட்டு. பொத்தானுக்குள் அடங்கிய குரூப், கொட்டிய பருப்பு மாதிரித் தாளெங்கும் சிதறியது.

"நாளைக்கு இப்படிச் சுட்டா, வேடிக்கை பாக்க வந்தவங்க பக்கம்தான் என்னை உக்கார வெப்பாங்க," என்றாள். குரல் உடைந்திருந்தது. "எனக்கும் அவ அக்காதான் அத்தான். உங்களுக்கு மட்டும் செத்துப் போகல."

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திருப்புளி எழுந்து வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, பழைய கதையை எடுத்தார்.

"உனக்குத் தெரியுமா சின்னவளே? இந்தத் தம்பி முத முதல்ல யாரோ சிநேகிதனோட இங்க வந்தான். உங்கக்கா அந்தக் கோடியில படுத்துச் சுடறா. இவன் கண்ணு தாள்ல இல்ல. நான் போய்க் காதுல சொன்னேன். 'தம்பி, இங்க சைட்ட அட்ஜஸ்ட் பண்ணலாம். சைட் அடிக்கக் கூடாது. பாக்கறதுன்னா அந்தத் தாளைப் பாரு'ன்னேன். பயந்துபோய்த் தொலைநோக்கியில கண்ண வெச்சவன்தான். அப்புறம் எடுக்கவே இல்ல. கல்யாணம் ஆன பிறகும்!"

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். பெரியவளும் இந்தக் கதைக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். "இன்னும் என்னைப் பாக்கலையே அண்ணே, தாளைத்தானே பாக்கறாரு" என்பாள்.

சின்னவள் மறுபடி படுத்தாள். இப்போது அவளுக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. சைட்டைத் தொடக் கூடாது, அவ்வளவுதானே? துப்பாக்கியை என்ன வேண்டுமானாலும் செய்யலாமே. கட்டையைத் தளர்த்திப் பிடித்தாள், இறுக்கிப் பிடித்தாள். பிறகு விளையாட்டாகத் துப்பாக்கியை அப்படியே இடப்பக்கம் சாய்த்தாள். கறுப்பு வட்டத்தை வளையத்தின் நடுவில் வைத்துச் சுட்டாள்.

பத்து.

"பத்து," என்றான் அவன், பழக்கத்தில்.

இன்னொன்று. பத்து. அடுத்தது ஒன்பதைத் தொட்டுக்கொண்டு பத்து.

"பாத்தீங்களா!" சின்னவள் காதுக் கவசத்தைத் தள்ளிவிட்டுக் கத்தினாள். "சாச்சுப் பிடிச்சா நடுவுல விழுது அத்தான்! கோணல் துப்பாக்கிக்குக் கோணல் ஆளு!"

"சாச்சா குண்டு சாஞ்ச பக்கம்தான்மா போகும்," என்றார் திருப்புளி. "இது வலப்பக்கம் வெச்ச சைட்டு, நீ இடப்பக்கம் சாய்க்கிறே, ரெண்டும் கழிஞ்சு நடுவுல விழுது. இதுல என்ன அதிசயம்? யாராவது சாச்சுப் பிடிச்சுக்கிட்டே சைட்ட வெச்சிருந்தா..."

அவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

அவன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தான். சின்னவள் இன்னும் சாய்த்தபடியே படுத்திருந்தாள். இடது தோள் இறங்கியிருந்தது. இடது முழங்கை பாயில் வெளிப்பக்கமாக வழுக்கிப் போயிருந்தது. அந்தக் கை துப்பாக்கியைத் தாங்கவில்லை; துப்பாக்கிதான் அந்தக் கையின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

இந்த முக்காலியில் உட்கார்ந்து இப்படி ஒரு முதுகை அவன் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டியது முன்னால் இரண்டடியில் கிடந்தது. அவன் ஐம்பது மீட்டர் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஞாபகம் வந்தது. இடது கையில் பலம் குறைந்தது எப்போதிலிருந்து? அவள் யோசிப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "கையில ஒண்ணும் இல்ல டாக்டர். போன வாரம்கூட வரிசையாப் பத்து சுட்டா." டாக்டர் அதை நம்பினாரோ இல்லையோ, அவள் நம்பினாள். "ஆமா, கை நல்லாத்தான் இருக்கு," என்றாள். மூளையில் கட்டி என்று படம் எடுத்துச் சொன்னபோது காலம் கடந்திருந்தது.

அதற்கு முன்பே கைப்பையை அவள் வலது தோளுக்கு மாற்றியிருந்தாள். காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாள். "குளிருது" என்றாள். அவனும் ஜன்னலைச் சாத்தினான்.

அதே நாட்களில் இங்கே, அவன் தொலைநோக்கியில் பார்த்துச் சொன்னது. "ஒன்பது, இடப்பக்கம்." "மறுபடி ஒன்பது, இடப்பக்கம்." ஐந்தும் இடப்பக்கம் போனால் சைட் நகர்ந்திருக்க வேண்டும். ஒரு குண்டை நம்பித் திருகைத் தொடக் கூடாது, ஐந்து குண்டு சொன்னால் தொடலாம். அது அவள் கற்றுக்கொடுத்த பாடம். அவன் அதை ஒழுங்காகப் பின்பற்றினான். "ரெண்டு கிளிக் வலப்பக்கம் திருப்பு." திருப்பினாள். பத்து. அடுத்த வாரம் மறுபடி இடப்பக்கம். "இன்னும் ரெண்டு கிளிக்." கை இறங்க இறங்கத் திருகு ஏறியது. தாளில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் அவன்தான்.

"அத்தான்?" என்றாள் சின்னவள்.

"அவ இப்படித்தான் பிடிச்சிருக்கா."

"எப்படி?"

"நீ இப்பப் பிடிச்சிருக்கற மாதிரி. கை தாங்கல. சாஞ்சுருச்சு. நாங்க சைட்டத் திருப்பிக்கிட்டே இருந்தோம்."

சின்னவள் தன் இடது தோளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் துப்பாக்கியைப் பாயில் இறக்கி வைத்தாள், அது சூடாக இருப்பதுபோல.

திருப்புளி காதிலிருந்து திருப்புளியை எடுத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்கிட்ட வந்து வந்து சொன்னாளே தம்பி," என்றார். "நகருதுன்னு. நான் நட்ட இறுக்கினேன்."

அவன் எழுந்து பாயின் ஓரத்தில் மண்டியிட்டான். போல்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்தான். திறந்திருந்தது. பின்குறியின் பக்கத் திருகில் விரலை வைத்தான். இத்தனை மாதம் காத்தது அவள் கண் நின்ற இடத்தை இல்லை. அவள் கை விட்டுக்கொடுத்த தூரத்தை.

இடப்பக்கம் திருப்பினான். கிளிக்.

"எண்ணிக்கோங்க அத்தான்," என்றாள் சின்னவள், அழுகையோடு. "நான் எண்ணட்டுமா?"

"வேணாம்."

கிளிக். கிளிக். அவன் எண்ணவில்லை. விரல் போன போக்கில் திருப்பினான்.

"நேராப் படு. ஒரு குரூப் சுடு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு படுத்தாள். முழங்கையை ஊன்றி, வாரை இறுக்கி, கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். மூச்சு இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினாள். சத்தம் கேட்டது. எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"எங்க விழுந்துச்சு?"

அவள் கவசத்தைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். முக்காலி காலியாக இருந்தது. தொலைநோக்கி யாருமில்லாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் இன்னும் பாயின் ஓரத்தில்தான் மண்டியிட்டிருந்தான்.

"அத்தான், எங்க விழுந்துச்சுன்னு கேட்டேன்."

"பாக்கல."

"பின்ன எதைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"முழங்கை வழுக்குதா?"

"இல்லையே."

"வழுக்கினா சொல்லு," என்றான். "சைட்டத் தொடாத. என்கிட்ட சொல்லு."