சம்பந்திகளின் படகு

பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்த இரண்டாவது வருடம் சம்பந்திகள் இருவரும் சேர்ந்து ஒரு படகு வாங்கினார்கள். பெண்ணைப் பெற்றவர் டெய்லர். முப்பத்தைந்து வருடம் கோட்டு தைத்துவிட்டு, கண் மங்கத் தொடங்கியதும் கடையை மூடியவர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பையனைப் பெற்றவர் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவர்.

படகு முப்பத்தாறு அடி நீளம். வசதியான யாரோ ஒரு காலத்தில் குடும்பத்தோடு உல்லாசமாகச் சுற்றுவதற்காகக் கட்டிய மர மோட்டார் படகு. இரண்டு கேபின், ஒரு சின்ன சமையல் மேடை, கண்ணாடி அறைக்குள் சுக்கான் சக்கரம். ஆற்றங்கரைப் பட்டறை ஒன்றில் பதினோரு வருடமாக முட்டுக்கட்டைகள் மேல் நின்று காய்ந்துகொண்டிருந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள் வாத்தியாரின் மனைவி.

"தெரியாது. அதனாலதான் ஒழுகாம பாத்துக்குவோம்" என்றார் வாத்தியார்.

இருவருக்குமே தச்சு வேலை தெரியாது. சனிக்கிழமைதோறும் வந்து, செய்து கெடுத்து, கெடுத்துக் கற்றுக்கொண்டார்கள். டெய்லர் பழுப்புத் தாளை மட்கிய பலகைமேல் விரித்து, கோட்டுக்கு அச்சு எடுப்பதுபோல் அச்சு எடுத்து, சாக்குக்கட்டியால் புதுப் பலகையில் கோடு போடுவார். வாத்தியார் அதை மூன்று தடவை அளப்பார். "நீங்க அளந்து முடிக்கிறதுக்குள்ள மரம் மறுபடியும் தளிர் விட்டுடும், சம்பந்தி" என்பார் டெய்லர். ஒன்றரை வருடத்தில் மேல்தளம் முழுக்கப் புதிதாகிவிட்டது. கைப்பிடிக் கம்பிகள் ஏழு பூச்சு வார்னிஷில் மின்னின.

ஒரு சனிக்கிழமை வாத்தியார் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கூர்மையான கம்பியால் பலகைகளைக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். முன்பக்கம், படகின் முதுகெலும்பான அடிமரத்தை ஒட்டிவரும் பலகையில் கம்பி வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கியது.

படகிலேயே தொல்லை பிடித்த பலகை அதுதான். நடுவில் படுத்தவாக்கில் கிடக்கும். மூக்குப் பக்கம் போகப் போக முறுக்கிக்கொண்டு நிமிரும். சும்மா வளைத்தால் உடைந்துவிடும். நீளப் பெட்டிக்குள் வைத்து ஆவியில் வேகவிட்டு, வெளியே எடுத்த ஓரிரு நிமிடத்துக்குள் இரண்டு பேர் சேர்ந்து முறுக்கி, திருகு கிளாம்ப் போட்டு இறுக்கியாக வேண்டும். வாத்தியார் மரக்கடையிலிருந்து இரண்டு நீளப் பலகைகள் வாங்கிவந்து போட்டார். ஒன்று வேலைக்கு, ஒன்று கெடுப்பதற்கு. டெய்லர் மட்கிய பலகையைக் கழற்றி அச்சு எடுத்து வைத்தார்.

அடுத்த புதன்கிழமை பட்டப்பகலில் டெய்லரின் மகள் இரண்டு பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னம்மா, லீவா?"

"இல்லப்பா. வந்துட்டேன்."

அழவில்லை. பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள். அவனுக்கு வேறொரு பெண்ணோடு பழக்கம். இனி உன்னோடு வாழ முடியாது என்று போன வாரம்தான் சொன்னானாம். "எனக்குத்தான் கடைசியில தெரிஞ்சிருக்கு. மாமாவுக்கு நாலு மாசமாவே தெரியுமாம்பா. அவனைக் கூப்பிட்டுத் திட்டினாராம்."

டெய்லர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நாலு மாதம். பதினாறு சனிக்கிழமை. ஒரே பலகையின் இரு முனையில் நின்று பிடித்தது, ஒரே பிளாஸ்க்கில் டீ குடித்தது எல்லாம் வரிசையாக நினைவில் வந்தன. நடுவில் ஒரு நாள், "பேரன் பேத்தி வந்தா இந்தக் கம்பி ஒண்ணு பத்தாது சம்பந்தி, கீழ இன்னொண்ணு போடணும்" என்று தானே சொன்னதும் வந்தது. வாத்தியார் அதற்கு "ம்" என்றுவிட்டு உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கியிருந்தார்.

சனிக்கிழமை பட்டறைக்குப் போனார். வாத்தியார் முன்னமே வந்து கைகட்டி நின்றிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

டெய்லர் தன் கத்தரிக்கோலையும் சாக்குக்கட்டிகளையும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். பிறகு ஏழு மாதம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பிரிவுப் பத்திரத்தில் பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட அன்றுகூட வக்கீல் அலுவலகத்துக்கு வாத்தியார் வரவில்லை.

பட்டறைக்காரர்தான் கூப்பிட்டார். இடம் கைமாறுகிறதாம். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள தண்ணியில இறக்கிடுங்க. இல்லேன்னா விறகுக்குத்தான் போகும், சொல்லிட்டேன்."

டெய்லர் தனியாகப் போனார். படகின் அடியில் எல்லாம் விட்டது விட்டபடி கிடந்தது. வாத்தியாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கவில்லை. டெய்லர் பழைய அச்சை வைத்துப் பலகையை அறுத்து, இழைத்து, ஆவியில் போட்டார். ஒரு முனையைக் கயிற்றால் முட்டுக்கட்டையில் இழுத்துக் கட்டிவிட்டு மறுமுனையைத் தோளால் முறுக்கினார். கிளாம்பை எடுக்கக் கை நீட்டுவதற்குள் மரம் ஆறிவிட்டது. விடாமல் அழுத்தினார். எலும்பு முறிவதுபோல் ஒரு சத்தம். பலகை நீளவாக்கில் பிளந்துகொண்டது.

வீட்டில் மகள் அவருடைய மணிக்கட்டில் ஆவி பட்டுக் கொப்பளித்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"தனியா எதுக்குப்பா செஞ்சீங்க?"

"வேற யாரு இருக்கா?"

"மாமா இருக்காரே."

"அந்த ஆளு இன்னும் உனக்கு மாமாவா?"

அவள் மருந்தைத் தடவினாள். "வேற எப்படிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியல. அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. என் கோபத்தை நான் பாத்துக்கறேன். அதை நீங்க தூக்கிச் சுமக்க வேணாம். உங்களுக்கு அவர் மேல இருக்கறது வேற கோபம். அதை நீங்கதான் போய்க் கேக்கணும்."

இரண்டு நாள் கழித்து டெய்லர் போனை எடுத்தார். "சனிக்கிழமை பலகை வைக்கணும். ஒரு ஆள் குறையுது."

"வரேன்" என்றது மறுமுனை.

பலகை வேக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதுவரை செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. பெட்டியின் இடுக்குகளில் ஆவி கசிய, கவிழ்த்துப் போட்ட இரண்டு வாளிகள்மேல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வாத்தியார் இளைத்திருந்தார்.

"திட்டணும்னா திட்டிடுங்க."

"திட்ட வரல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாலு மாசம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படி நின்னீங்க?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "மொதல் வாரம், திருந்திடுவான்னு நெனச்சேன். ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு, மாட்டான்னு."

"அப்புறம்?"

"சொன்னா நீங்க இங்க வரமாட்டீங்க. எனக்கு இந்தச் சனிக்கிழமை வேண்டியிருந்துச்சு. அவ்வளவுதான். வேற நல்ல காரணம்னு ஒண்ணும் இல்ல."

மகனைக் காப்பாற்றினேன் என்பார், குடும்ப மானம் என்பார், உங்கள் பெண்ணின் நன்மைக்குத்தான் என்பார் என்று ஒவ்வொன்றுக்கும் டெய்லர் ஏழு மாதமாக ஒரு பதில் தைத்து வைத்திருந்தார். அதில் ஒன்றும் இதற்கு அளவு பொருந்தவில்லை. குனிந்து, பெட்டிக்கு ஆவி தரும் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"அந்த நாலு மாசமும் என் பொண்ணு, தன்கிட்ட என்ன குறைன்னு தேடிக்கிட்டு இருந்திருக்கா. சமையலா, பேச்சா, நிறமான்னு. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது நடந்திருக்காது."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, ஆவியில் மங்கிவிட்டதுபோல் வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்து முடியவே இல்லை. டெய்லர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாத்தியார் வைத்திருந்த அலாரம் அடித்தது. இருவரும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பலகையை இழுத்தார்கள். அது சூடாக, பாரமாக, உயிருள்ளதுபோல் துவண்டது. ஓடினார்கள். டெய்லர் நடுவில் பதித்து முதல் கிளாம்பைப் போட, வாத்தியார் முனையைப் பிடித்து முறுக்கினார்.

"இன்னும், இன்னும்... சம்பந்தி, விட்டுடாதீங்க!"

"விடல, நீங்க போடுங்க!"

ஒன்பது கிளாம்ப். கடைசித் திருகு இறங்கியதும் பலகை அடிமரத்தோடு தையல் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கும் விரிசல் இல்லை. இருவரும் மூச்சு வாங்க அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். டெய்லர் வாயில் வந்துவிட்ட 'சம்பந்தி' என்ற அந்தப் பழைய வார்த்தையை இருவரும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

இருபது நாள் கழித்துப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். இறக்கியதுமே நூறு இடத்தில் ஒழுகியது. காய்ந்த மரம் ஊறி விரியும்வரை அப்படித்தான் என்று படித்திருந்தார்கள். முறைபோட்டுக்கொண்டு பம்ப் அடித்தார்கள். மறுநாள் மதியம் மகள் சாப்பாடு எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். வாத்தியார் முழங்கால்வரை நனைந்த வேட்டியோடு இறங்கி அவளிடம் போனார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா."

"ஆமா மாமா" என்றாள் அவள்.

அவ்வளவுதான். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று அவரும் காத்து நிற்கவில்லை. தலையசைத்துவிட்டு மறுபடி பம்ப் அடிக்கப் போனார். மூன்றாம் நாள் ஒழுகல் நின்றது.

பழையபடி ஆகவில்லை. படகு சனிக்கிழமை வாத்தியாருக்கு, ஞாயிற்றுக்கிழமை டெய்லருக்கு என்று ஆனது. இரண்டு ஆள் வேண்டிய வேலை இருந்தால் மட்டும் போன் போகும். வேலையைப் பற்றிப் பேசுவார்கள், உடம்பு எப்படி என்று கேட்பார்கள். வாத்தியாரின் மகன் ஒரு தடவையும் படகில் கால் வைக்கவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பாலம்வரை அவளே சக்கரத்தைப் பிடித்து ஓட்டினாள். திரும்பும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்தவள், பேச்சை நடுவில் விட்டுத் தூங்கிப்போனாள். வீடு வந்த நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கி டெய்லர் பார்க்கவில்லை. இன்ஜின் சத்தத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார். படகு நடப்பவர்களைவிட மெதுவாகப் போனது. கரையிலிருந்து யாரோ, "என்ன பெரியவரே, டீசல் தீந்துபோச்சா?" என்று கேட்டார்கள். டெய்லர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.