விருப்பமுள்ளவர்கள் மட்டும்

மூன்று மணிக்கு வகுப்பு முடிந்ததும் ஆசிரியர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே டீக்கு வரிசையில் நின்றார்கள். குரங்கணிக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டத்துக்குள் இருந்த விடுதியில் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் தங்கும் பயிற்சி. அன்று நான்காம் நாள். சுவரில் ஒட்டிய தாளில் மாலை நிகழ்ச்சிகள் இருந்தன: மலை நடை, உச்சரிப்பு விளையாட்டு, ஏழு மணிக்கு நாடகம். தலைப்பில், 'விருப்பமுள்ளவர்கள் மட்டும்'.

பாண்டீஸ்வரி எதிலும் பெயர் எழுதவில்லை. மறுநாள் மாதிரி வகுப்பு அவளுடையது. அதை நன்றாக எடுத்தால் ஜூனில் ஒன்பதாம் வகுப்பு என்று போடியில் அவள் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஆறு வருடமாக அவளுக்கு யுகேஜிதான்.

"மேடம், நாடகத்துல உங்களைப் போட்டிருக்கேன்." பயிற்சியை நடத்தும் ராம்பிரசாத் ஒரு தாளை நீட்டினார். "ஏலக்கா எடுக்கிற லேடி. உங்கம்மா எஸ்டேட் வேலைன்னு முதல் நாள் சொன்னீங்கல்ல? நீங்கன்னா அப்படியே பொருந்தும்."

நின்றபடியே படித்தாள். தோட்டத்துப் பெண் 'இஸ்கூல்' என்பாள். சுற்றுலா வந்தவர் திருத்துவார். அவள் மறுபடியும் 'இஸ்கூல்' என்பாள். அடைப்புக்குறிக்குள், 'தலையைச் சொறிகிறாள்'.

அவளைப் பள்ளியில் சேர்க்க வந்த அன்று அம்மா சோலையம்மாள், ஏலக்காய்க் கறை போகாத விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டே நின்றாள்.

"நான் நடிக்கலை சார். விருப்பப்பட்டாச் சேரலாம்னுதான போட்டிருக்கு?"

"விருப்பந்தான். யாரையும் கட்டாயப்படுத்தல." அவர் சிரித்தார். "ஆனா யார் எப்படி ஒத்துழைச்சாங்கன்னு உங்க ஸ்கூலுக்கு ரிப்போர்ட் போகும். யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டேன் சார். எங்கம்மாவ நானே கேலி பண்ண மாட்டேன்."

ராம்பிரசாத்தின் சிரிப்பு நின்றது. தாளை அவள் கையிலிருந்து உருவி, பின்னால் நின்ற சுகன்யாவிடம் கொடுத்தார். அவளும் அதே பள்ளிதான்.

"நீங்க பண்ணுங்க மேடம். நாளைக்கு மாதிரி வகுப்பும் நீங்களே எடுத்துருங்க."

அவர் போனதும் பாண்டீஸ்வரி திரும்பினாள். "சுகன்யா, அது என்னோட கிளாஸு."

"பத்து நிமிசச் சோலிக்கு வீம்பு பிடிச்சது நீ. உனக்கு வேணாம்னா எனக்கும் வேணாமா?" சுகன்யா அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஏழு மணிக்கு நாடகம் தொடங்கியது. வெந்நீர் வாங்கப் போன பாண்டீஸ்வரி சமையலறை வாசலில் நின்றாள். அங்கே பேச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கால் போகிறவரை இதே தோட்டத்தில் காய் எடுத்தவள். நாடகத்துக்காகச் சுகன்யாவின் இடுப்பில் காய் போடும் சாக்கைக் கட்டிவிட்டதும் அவள்தான்.

"இஸ்கூல்!"

சாப்பாட்டுக் கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பேச்சி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னா டீச்சர் சொல்லுது அந்தப் பிள்ளை? இந்தச் சிரிப்புச் சிரிக்கிறாக."

பாண்டீஸ்வரி மேடையைப் பார்த்தபடியே சொன்னாள். "இங்கிலீசுல ஏதோ சொல்றாங்கக்கா."

"நம்ம சோலியப் பத்தித்தான? பாருங்களேன், நம்மளயும் மேடையேத்திட்டாக."

சுகன்யா தலையைச் சொறிந்தாள். மறுபடியும் சிரிப்பு. பேச்சி ஈரக் கையை இடுப்பில் துடைத்துவிட்டு, எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள்.